குலையிலிருந்து புகைவரை

செம்பனைக் குலை மண்ணில் விழும் சத்தம் தோட்டத்தில் பிறந்தவர் காதைவிட்டுப் போகாது. நீளக் கழியின் நுனியில் அரிவாள். அண்ணாந்து பார்த்தபடி ஓர் இழுப்பு. முதலில் மட்டை சரியும், பின்னாலேயே குலை, அதைத் தொடர்ந்து புல்லில் உதிரிப் பழங்கள் சிதறும். நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களில் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். வெட்டுகிறவர்கள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் வேலைக்குப் போய் வெகுநாளாயிற்று.

அந்தக் குலைகளில் ஒன்றின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 4 கிலோ, எண்ணெயாகத் தேறும். அந்த எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்தால் ஏறக்குறைய நாலரை லிட்டர் செம்பனை டீசல். மலேசியாவில் வண்டிகளுக்கு விற்கும் பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு இதுதான். ஆக, ஒரு குலை 45 லிட்டர் டீசலில் கலந்து போகிறது. ஒரு ஹைலக்ஸ் வண்டியின் தொட்டியில் பாதிக்கு மேல். ரப்பர் காலத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாளி வாளியாகப் பால் சுமந்தார்கள். அந்தப் பால் எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இந்தக் குலை போகும் இடமாவது நமக்குத் தெரிகிறது. பகாவ் பட்டணத்தில் டீசல் ஊற்றும் லோரியைக் கைநீட்டிக் காட்டலாம்.

வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். ஆலையில் முதல் வேலை நீராவியில் அவிப்பது. பிறகு உருட்டிப் பழத்தைப் பிரித்து, கூழாக்கி, திருகு அழுத்தியில் பிழிவார்கள். காற்று அடிக்கும் பக்கம் இருந்தால் அந்த வாசனை இரண்டு மைல் தள்ளி வீட்டு அடுப்படிவரை வரும். சிலருக்குக் குமட்டும், எனக்கு அது பள்ளி விடுமுறையின் வாசனை. வெளியே வரும் எண்ணெய் செம்மஞ்சளாக, கேரட் சாறுபோல இருக்கும்.

பி10 டீசலுக்குத் தாய் இரண்டு. ஒன்பது பங்கு பூமிக்கடியிலிருந்து வருகிறது, ஒரு பங்கு மரத்திலிருந்து. வேடிக்கை என்னவென்றால் நெகிரி செம்பிலானில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. போர்ட்டிக்சனில் 1960-களில் வந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் கடலோரத்தில் நிற்கின்றன. ஷெல் கட்டியதற்கு இன்று பெயர் ஹெங்யுவான், எஸ்ஸோ கட்டியதற்குப் பெட்ரோன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுவா பெத்தோங் தோட்டம். ஒரு காலத்தில் அதெல்லாம் பால்மரக் காடு.

செம்பனை எண்ணெயில் வண்டி ஓட்டலாம் என்ற யோசனை நேற்றையது இல்லை. 1979-இல் தொடங்கிய மலேசிய செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1982-லேயே இதில் இறங்கிவிட்டது. ஆய்வகத்தில் இயந்திரத்தை நிறுத்திவைத்து முடுக்கிப் பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மெர்சிடிஸ் பென்ஸ் இயந்திரம் பொருத்திய 36 பேருந்துகளை ரோட்டில் விட்டார்கள். சிலவற்றுக்கு வெறும் டீசல், சிலவற்றுக்குப் பாதிக்குப் பாதி, சிலவற்றுக்கு முழுக்கச் செம்பனை டீசல். பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே ஒவ்வொன்றும் 3,00,000 கிலோமீட்டர் ஓடியது. இயந்திரத்தில் எதையும் மாற்றாமலே ஓடியது, கரும்புகையும் குறைந்தது. 2011-இல் ஐந்து விழுக்காடு கலப்பு விற்பனைக்கு வந்தபோது முதலில் கிடைத்த மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. 2019-இல் அது பத்து விழுக்காடானது.

அந்த 36 பேருந்துகள்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. வண்டியை ரோட்டில் ஓட்டித்தான் அறிய வேண்டும் என்று உலகம் மெதுவாகக் கற்றுக்கொண்ட பாடத்தை அவை ஓட்டத்திலேயே படித்துவிட்டன.

இனி குலை இயந்திரத்துக்குள் நுழைகிறது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். செம்பனை டீசலில் ஆக்ஸிஜன் தன்னோடே இருக்கிறது, எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அதனால் கரி குறைவாகத் தங்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் பல சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, முழுக்கத் தாவர டீசலில் ஓடும் வண்டியில் துகள்மாசு 47 விழுக்காடு குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடு 10 விழுக்காடு கூடுகிறது என்று வந்தது. அது பெரும்பாலும் சோயா எண்ணெய்க் கணக்கு. செம்பனையில் நிறைகொழுப்பு அதிகம் என்பதால் அந்தக் கூடுதல் அவ்வளவு இராது. ஆனால் அடிப்படை இழுபறி எல்லா டீசலுக்கும் பொது. சூடாக எரித்தால் கரி குறையும், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கைகோத்து நைட்ரஜன் ஆக்சைடாகும். சூட்டைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு அடங்கும், கரி தலைதூக்கும்.

கரி கண்ணுக்குத் தெரியும், நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் தெரியாது. நம் ஊர் சாலையோரச் சோதனையில் சுற்றுச்சூழல் துறை அதிகாரிகள் லோரியை ஓரங்கட்டி, கியரை விடுவித்து, நின்ற இடத்திலேயே எண்ணெய் மிதியை முழுக்க அமுக்கச் சொல்வார்கள். புகைக்குழாயில் சொருகிய கருவி எவ்வளவு ஒளி மறைகிறது என்று பார்க்கும். 1996-இல் வந்த விதிமுறைப்படி, புகையின் அடர்த்தியைச் சொல்லும் ஹார்ட்ரிஜ் அலகில் 50-ஐத் தாண்டினால் குற்றம். கருவி நம்மைவிடக் கூர்மையாகத்தான் பார்க்கிறது. ஆனாலும் அது பார்ப்பது நம் கண் பார்ப்பதையே.

லோரி ஓட்டிய என் மாமாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் முதல் நாள், பட்டறையில் போர்மேன் பம்பைக் கொஞ்சம் குறைத்துவிடுவாராம். டீசல் குறைவாகப் பாயும், புகை வராது, இழுவையும் இராது. சீட்டு வாங்கித் திரும்பியதும் அதே போர்மேன் பழையபடி ஏற்றிவிடுவார். "ஏத்தலேன்னா புக்கிட் புத்துஸ் யாரு தள்ளிக்கிட்டுப் போறது லா?" என்பார் மாமா.

புக்கிட் புத்துஸ் தெரியாதவர்களுக்கு: சிரம்பானிலிருந்து குவாலா பிலாவுக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும் மலை. 1875-இல் ஆங்கிலேயப் படைக்கும் உள்ளூர் ஆட்சியாளர் யாம்துவான் அந்தாவின் ஆட்களுக்கும் சண்டை நடந்த இடம். புதிய பாதை போடுவதற்கு முன்னால் அந்த வளைவுகளில் சுமையோடு ஒரு லோரி ஏறினால் பின்னால் ஒரு ஊர்வலமே நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்த ஞாபகம் குவாலா பிலா, பகாவ் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் இருக்கும். இயந்திரம் தன் முழு பலத்தையும் கொடுப்பது அங்கேதான். நின்ற இடத்தில் சும்மா உறுமுவதும், பத்து டன் சுமையோடு மலை ஏறுவதும் அதற்கு வேறு வேறு வாழ்க்கை.

வண்டிகளுக்குச் சான்றிதழ் தரும் பெரிய ஆய்வகங்களில் சாலையோரச் சோதனையைவிட விரிவான ஏற்பாடு உண்டு. வண்டியை உருளைகள்மேல் ஏற்றிக் கட்டுவார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது. எதிரே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். ஓட்டுபவர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். புகையைப் பைகளில் சேர்த்து அளப்பார்கள். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் கோலோச்சிய சோதனைச் சுழற்சிக்கு 1,180 வினாடி, 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்கூட இல்லை. ஏற்றமில்லை, மழையில்லை, குளிர்சாதனம் போடுவதில்லை. அறையின் வெப்பம் 20-க்கும் 30-க்கும் இடையில். அமெரிக்கச் சுழற்சிக்காவது ஒரு பூர்வீகம் உண்டு. 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் காலை வேலைக்குப் போகிறவர்களின் ஓட்டத்தை நிஜமாக ஓட்டிப் பதிவுசெய்து உண்டாக்கியது அது. ஆனால் அன்றைய உருளைகள் தாங்காது என்று திடீர் வேகமெடுப்புகளை வெட்டிவிட்டார்கள். உருளைகள் பிறகு உறுதிப்பட்டன, வெட்டியது அப்படியே இருந்தது.

ஆய்வகத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. இரண்டு வண்டிகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே தராசில் ஏற்றித்தான் ஆக வேண்டும். ரோட்டில் இன்று மழை, நாளை வெயில், நேற்று சிரம்பான் சந்திப்பில் நெரிசல். ஒரே மாதிரி இரண்டு முறை ஓட்டவே முடியாது. தராசு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதில்தான் வம்பு.

தோட்டத்தில் இதற்கு ஒரு திருவிழாவே உண்டு: விசிட்டிங் ஏஜண்ட் வருகை. கம்பெனி அனுப்பும் அந்தப் பெரிய துரை வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே லயத்துச் சுவர்களில் சுண்ணாம்பு ஏறும், கால்வாயில் பூச்சிக்கொல்லி ஊற்றுவார்கள், ஆயா கொட்டகைப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி, மருந்தகத்தில் மருந்து. அன்று எல்லாரும் சரியாக நடப்பார்கள். கார் வாசலைத் தாண்டியதும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் குரல் பழைய கட்டைக்கே திரும்பிவிடும். துரை எழுதிப்போகும் அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் பொய்யிருக்காது. அவர் பார்த்ததைத்தான் எழுதினார்.

வண்டிகள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது எப்படி என்பது இப்போது நீதிமன்ற ஆவணங்களிலேயே இருக்கிறது. முதலில் பிடிபட்டவை கார்கள்கூட இல்லை, லோரிகள். 1998-இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வோல்வோ உட்பட ஏழு டீசல் இயந்திர நிறுவனங்கள் அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டன. சோதனையில் ஒழுங்காக எரியும் இயந்திரம், நெடுஞ்சாலையில் சீராக ஓடத் தொடங்கியதும் டீசலைச் சிக்கனப்படுத்தும் வேறொரு கணக்குக்கு மாறி நைட்ரஜன் ஆக்சைடை அள்ளிக் கொட்டியது. அந்தச் சமரசத்தின் ஒரு பகுதியாகத்தான், ஓடும் லோரியிலேயே வைத்து அளக்கும் கருவியை மேற்கு விர்ஜினியா பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2012-இல் ஒரு சின்ன வேலை வந்தது. தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் என்ற அமைப்பு மூன்று டீசல் கார்களை ரோட்டில் அளந்து தரச் சொன்னது. நோக்கம் யாரையும் பிடிப்பதில்லை. ஐரோப்பாவில் டீசல் கார்கள் மோசம், அமெரிக்க விதி கடுமையானது, ஆகவே அங்கே அதே நிறுவனங்கள் சுத்தமாகக் கார் செய்கின்றன, இதை ஐரோப்பாவுக்குக் காட்டலாம் என்பதே எண்ணம். டான் கார்டர் தலைமையிலான குழுவில் மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அரவிந்த் திருவேங்கடம் ஆகியோர் வேலை செய்தார்கள். திருவேங்கடம் என்று பெயர் பார்த்ததும் தமிழ்ப் பத்திரிகைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது நியாயமே.

கார்கள் முதலில் கலிஃபோர்னியாவின் எல் மான்டியிலுள்ள ஹாகன்-ஸ்மிட் ஆய்வகத்துக்குப் போயின. அந்தப் பெயரில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன், ஏனென்றால் நம் தோட்டத்தின் கதை அங்கேயும் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆரி ஹாகன்-ஸ்மிட் டச்சு நாட்டு வேதியியலாளர், அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரிச்சலில் ஆழ்த்திய பனிப்புகை எதனால் என்று பார்க்கச் சொன்னார்கள். காரின் புகைக்குழாயிலிருந்து வருவதும் எண்ணெய் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓசோனாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். ஓசோனை அளக்க அவருக்குக் கிடைத்த எளிய கருவி என்ன தெரியுமா? ரப்பர். வளைத்துக் கட்டிய ரப்பர் பட்டை ஓசோன் பட்டால் வெடித்துக் கீறும். எத்தனை நிமிடத்தில் கீறுகிறது என்று பார்த்துக் காற்றின் நஞ்சைக் கணக்கிட்டார்கள். அந்த ஊரில் டயர்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடித்ததன் காரணமும் அதுதான். அன்றைக்கு உலகத்துக்கு இயற்கை ரப்பர் போனது பெரும்பாலும் மலாயாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும். வண்டிப் புகை ஊரை என்ன செய்கிறது என்பதை ஊரின் திறந்த வெளியில் அளந்த முதல் கருவிகளில் ஒன்று, மரத்தில் கீறி எடுத்த பால்.

சரி, கார். மூன்றில் இரண்டு ஃபோக்ஸ்வாகன். எல் மான்டி உருளைகள்மேல் அவை இரண்டும் நல்ல பிள்ளையாகத் தேறிவிட்டன. பிறகு பின்பக்கத்தில் வாயு அளக்கும் பெட்டி, புகைக்குழாயிலிருந்து தடித்த குழாய், கருவிக்கு மின்சாரம் தர ஒரு சின்ன ஜெனரேட்டர் என்று ஏற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்கள். காரின் மின்சாரத்தையே எடுத்தால் இயந்திரத்துக்குச் சுமை கூடிக் கணக்குத் தப்பிவிடும் என்பதால் ஜெனரேட்டர். ஜெட்டா கார் அமெரிக்க வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. பாசாட் காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டல்வரை ஓட்டித் திரும்பினார்கள், சுமார் 4,000 கிலோமீட்டர். அது 5 முதல் 20 மடங்கு. மூன்றாவதாக வந்த பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது, மலையேற்றம் வந்தபோது மட்டும் தாண்டியது. புக்கிட் புத்துஸ் எல்லா ஊரிலும் இருக்கிறது.

கருவிதான் கெட்டுவிட்டதோ என்று முதலில் தங்களையே சந்தேகித்தார்கள். அளந்தார்கள், சரிபார்த்தார்கள், 2014 மே மாதம் அறிக்கை வந்தது. கலிஃபோர்னிய அதிகாரிகள் ஓராண்டுக்கு மேல் நிறுவனத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2015 செப்டம்பர் 18 அன்று குட்டு வெளியே வந்தது. ஸ்டீயரிங் திரும்புகிறதா, வேகம் எப்படி ஏறி இறங்குகிறது, இயந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்று பார்த்து, தான் உருளைமேல் இருக்கிறோமா ரோட்டில் இருக்கிறோமா என்று காரின் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். சக்கரம் ஓடுகிறது, ஸ்டீயரிங் அசையவில்லை என்றால் துரை வந்திருக்கிறார் என்று அர்த்தம். உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் கார்கள். ஐந்தே நாளில் தலைமை அதிகாரி மார்ட்டின் வின்டர்கார்ன் பதவி விலகினார்.

எதற்காக இவ்வளவு பாடு? நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து அழிக்கும் வடிகட்டிக்கு அடிக்கடி கூடுதல் டீசல் தர வேண்டும். யூரியாக் கரைசல் தெளிக்கும் முறையென்றால் அந்தத் தொட்டியை அடிக்கடி நிரப்ப வேண்டும். காசும் தொந்தரவும் கூடும், வாங்குகிறவர் முகம் சுளிப்பார். மாமாவின் போர்மேன் பம்பில் கைவைத்ததற்கும் அதே காரணம்தான். அவர் ஒரு திருகாணியால் செய்ததை இவர்கள் மென்பொருளால் செய்தார்கள்.

ஏமாற்றாத வண்டிகளிலும் இடைவெளி உண்டு என்பதுதான் பலருக்கு எட்டாத செய்தி. ஐரோப்பாவில் கார்களின் கரியமில வாயுக் கணக்கு ஆய்வகத்துக்கும் ரோட்டுக்கும் இடையே 2001-இல் ஏறத்தாழ 9 விழுக்காடு விலகியிருந்தது. 2015-இல் அது 42 விழுக்காடாகிவிட்டது. சட்டத்தை மீறாமலே, டயரில் காற்றை இறுக்கி, எடையைக் குறைத்துக் காட்டி, விதியின் ஒவ்வொரு சந்திலும் நுழைந்து சேர்த்த விழுக்காடு அது.

2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பா புதிய ரகக் கார்களை ரோட்டிலும் ஓட்டி அளக்கச் சொல்கிறது. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், நகரம், கிராமம், நெடுஞ்சாலை மூன்றும் கலந்து. இந்தியாவும் 2023 ஏப்ரலில் அந்தப் பாதையில் காலெடுத்து வைத்தது. அந்த ஐரோப்பிய விதி முதலில் வந்தபோது அதில் ஒரு வரி எனக்குச் சிரிப்பூட்டியது. வெளிவெப்பம் 0 முதல் 30 பாகைவரை இருந்தால் சாதாரண நிலை என்றது அது. 30-ஐத் தாண்டி 35வரை போனால் 'நீட்டித்த' நிலை, அப்போது அளந்த மாசை 1.6-ஆல் வகுத்து வண்டிக்குச் சலுகை தரலாம் என்றிருந்தது. சிரம்பானில் பத்து மணிக்குமேல் வெயில் 30-ஐத் தாண்டாத நாளை விரல்விட்டு எண்ணலாம். நம் அன்றாட மத்தியானம் அவர்களுக்கு அபூர்வம். நம் சாலைகளுக்கென்று ஒரு சுழற்சி வேண்டும் என்று குவாலா திரங்கானுவில் பல்கலைக்கழகத்தார் அந்த ஊர் ஓட்டத்தையே பதிவுசெய்து ஆராய்ந்திருக்கிறார்கள். நெகிரி செம்பிலானின் செம்மண் பாதையும், மட்டைக் குவியல்களுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்து குலை பொறுக்கும் லோரியும் எனக்குத் தெரிந்து எந்தக் கோட்டிலும் இன்னும் ஏறவில்லை.

எண்ணெய் மட்டும் மாறியிருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து மலேசியாவில் விற்கும் டீசல் யூரோ 5, கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். முன்பு 500 பங்கு இருந்தது. நல்ல முன்னேற்றம்தான், கந்தகம் குறைந்தால்தான் நவீன வடிகட்டிகள் பிழைக்கும். ஆனால் வடிகட்டியே இல்லாத இருபது வயது லோரிக்குச் சுத்தமான டீசலை ஊற்றினால் நைட்ரஜன் ஆக்சைடு போய்விடாது.

நம் குலையின் கடைசிக் கட்டம் இதுதான். பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லோரி, தொட்டியில் பி10, பின்னால் பத்து டன் பழம். மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். புகைக்குழாயிலிருந்து கறுப்பு ஒருமுறை பீறிட்டு, செம்பனை மட்டைகளுக்குள் நுழைந்து கலைகிறது. மேட்டைத் தாண்டியதும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் பள்ளிப் பிள்ளையை ஏற்றிவந்த ஒரு தாய், துப்பட்டாவை இழுத்துப் பிள்ளையின் மூக்கைப் போர்த்திவிட்டு, லோரியைத் தாண்ட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.